சாதகமான சாட்சியை யார் தேடுவது?

பினாங்கில் குற்றவியல் வழக்குகளே என் பிழைப்பு. போலீஸ் விசாரணை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

பட்டர்வொர்த் வாசகி: அடிதடி வழக்கில் தம்பியைப் பிடித்துவிட்டார்கள், அண்ணே. அந்த நேரத்தில் அவன் பிறை ஊரில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் இருந்தான். போலீஸ் கடைப்பக்கமே போகவில்லை. போக வேண்டாமா?

போகத்தான் வேண்டும். ஆனால் சந்தேக நபருக்குச் சாதகமான தடயத்தையும் தேடு என்று நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பச்சையாக எழுதிய வரி இல்லை. முதலில் நீங்கள் கடைக்கு ஓடுங்கள், தங்கச்சி. கேமராவில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஒரு வழக்கில் என் கட்சிக்காரரின் அம்மா கடை ரசீதைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தார். வழக்கு விசாரணைக்கு வந்தபோது எழுத்து மங்கி, தாளில் மீன் குழம்புக் கறை மட்டும் பளிச்சென்று இருந்தது. ரசீது இருந்தால் இன்றே நகல் எடுங்கள்.

வெளிநாடுகளில் இதைவிட நியாயமா?

காகிதத்தில், ஆம். ஜெர்மனியில் அரசு வழக்கறிஞர் இரு பக்கமும் ஆராய வேண்டும் என்பது சட்டம். பிரான்ஸில் குற்றத்தைப் புலனாய்வு செய்யும் விசாரணை நீதிபதிக்கும் அதே கடமை. ஆனால் பெரும்பாலான வழக்குகள் அவரிடம் போவதே இல்லை. இங்கிலாந்திலும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிமுறை இதையே சொல்கிறது. அப்படியிருந்தும் 2017இல் லண்டனில் ஒரு மாணவர் மீதான வழக்கு சரிந்தது. புகார் கொடுத்தவரின் கைப்பேசியிலிருந்த சுமார் 40,000 குறுஞ்செய்திகள் போலீஸ் கையில் இருந்தும், நீதிமன்ற விசாரணை தொடங்கிய பிறகே எதிர்த்தரப்புக்குக் கிடைத்தன.

அடித்துக் கையெழுத்து வாங்கினால்?

2007இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. ஆனால் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு என்ற பின்வாசல் உண்டு: "கத்தியை வாய்க்காலில் போட்டேன்" என்று சொல்லி, கத்தியும் அங்கே கிடைத்தால், அந்தத் தகவல் உள்ளே வந்துவிடும்.

நமக்குச் சாதகமானதை மறைத்தால்?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51A பிரிவின்படி, எதிர்த்தரப்புக்குச் சாதகமான விவரங்களை அரசுத் தரப்பு நீதிமன்ற விசாரணைக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். "பொது நலன்" என்று சொல்லி மறுக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. அதோடு, போலீஸ் தேடாத ஒன்று அந்தத் தாளில் எப்படி ஏறும்? என் சண்டையே அங்கேதான்.

ரிமாண்ட் (தடுப்புக் காவல்) எத்தனை நாள்?

தண்டனை 14 ஆண்டுக்குக் குறைவென்றால் 4 நாள், பிறகு 3. 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 7, பிறகு 7. வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை அதே நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவில் இருக்கிறது, கேளுங்கள்.

மீண்டும் பட்டர்வொர்த் வாசகி: போலீஸ் கேட்டால்தான் பதிவைத் தருவேன் என்கிறார் கடைக்காரர்.

தர வேண்டாம், அழிக்காமல் தனியே எடுத்து வைத்தால் போதும் என்று சொல்லுங்கள். கடையின் பெயர், தேதி, நேரம் குறித்து விசாரணை அதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். நாளை ஞாயிறுதானே என்று இருந்துவிடாதீர்கள், அந்தக் கடை ஞாயிறும் திறந்திருக்கும்.