ஃபிக்ஸட் கியரில் 200 கி.மீ.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நடக்கும் 200 கி.மீ. பிரெவே என்னும் நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் பயணத்தை ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் நேரத்துக்குள் முடிக்க இயலுமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: தாராளமாக முடியும். 13.5 மணி நேரம் அனுமதி உண்டு என்பதால், தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் நிற்பதையும் சேர்த்து மணிக்குச் சராசரியாக 15 கி.மீ. போனாலே போதும். உங்களைச் சோதிக்கப்போவது வேகமன்று, ஓய்வின்மைதான். ஃபிக்ஸட் கியரில் பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருப்பதால், மற்றவர்கள் காலை நிறுத்தி, சீட்டிலிருந்து சற்றே எழுந்து இடுப்பைத் தளர்த்திக்கொள்ளும் அந்தச் சில நொடிகள்கூட உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே நிறுத்தங்களைக் குறைக்காதீர்கள்.

செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 17 பல் இருந்தால், நிமிடத்துக்கு 80 பெடல் சுற்றில் மணிக்கு ஏறத்தாழ 26 கி.மீ. வரும். அந்தச் சமதளச் சாலைக்கு இதுவே பொருத்தம்; எதிர்காற்றில் கியரை மாற்ற வழியில்லை என்பதால் இதைவிடக் கடினமான கியருக்கு ஆசைப்படாதீர்கள். பாலத்து இறக்கங்களுக்காக இரண்டு பிரேக்குகளும் கட்டாயம் இருக்கட்டும்.

பின்சக்கரம் நட்டால் இறுக்கப்பட்ட வகையென்றால், பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் இல்லாமல் அதைக் கழற்ற முடியாது. பஞ்சர் ஒட்டி மாட்டியபின், செயினின் நடுவே விரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் அசைந்தால் சரி.