டயாப்லோவின் மெதுநடை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். கல்லடியில் இருக்கும் என் மாமாவிடம் எந்தப் புதுக் கேமைக் காட்டினாலும், "டயாப்லோ முதலாம் பாகத்துக்குக் கிட்ட வராது" என்பார். சரி என்று வாங்கி, தேவாலயத்துக்கு அடியிலுள்ள நிலவறையில் பேய்களைக் கொன்றபடி தளம் தளமாக இறங்கி விளையாடினேன். ஐந்தாம் தளத்தோடு நிறுத்திவிட்டேன். ஆள் ஓடவே மாட்டான், ஊர்ந்து ஊர்ந்து நடக்கிறான். ஒரே ஊர், ஒரே நிலவறை. மாமா சொல்லிச் சொல்லிப் பயமுறுத்திய புச்சர் என்ற அரக்கனும் வரவேயில்லை. இது அவர்களுடைய இளவயது நினைவு மட்டும்தானா?

ச., ஆரையம்பதி

அன்புள்ள தம்பி,

நினைவுக்கும் பங்கு உண்டு. இங்கே எங்களில் பலருக்குக் கணினி கைக்கு எட்டியதே 2002 சமாதான காலத்தில்தான். வகுப்பு முடிந்ததும் ஒரு கணினியைச் சுற்றி நாலைந்து பேர் நிற்போம். ஒருவன் மவுஸைப் பிடிப்பான், இன்னொருவன் மருந்து குடிக்கும் விசையில் விரலை வைத்திருப்பான். கரண்ட் போய் யு.பி.எஸ். கத்தத் தொடங்கினால் "சேவ் பண்ணுடா" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவோம். உங்கள் மாமாவும் இப்படித்தான் விளையாடியிருப்பார். ஆனால் இந்த வருடம் தனியாக உட்கார்ந்து மறுபடி விளையாடியபோதும் அது என்னை விடவில்லை. அதற்குக் காரணம் அந்தக் கேம் கட்டப்பட்டிருக்கும் விதம்.

முதலில் புச்சர். தனியாக விளையாடும்போது, ஊரார் வீரனிடம் ஒப்படைக்கும் எல்லாப் பணிகளும் ஒரே ஆட்டத்தில் வராது. சிலவற்றைக் கேமே ஒவ்வொரு முறையும் தெரிந்தெடுக்கிறது. நிலவறையின் அமைப்பும் அப்படியே, புது ஆட்டம் தொடங்கினால் அறைகளும் வழிகளும் மாறிவிடும். மாமாவின் ஆட்டத்தில் தேவாலய வாசலில் குற்றுயிராகக் கிடந்த ஒருவன் பழிவாங்கச் சொல்லியிருப்பான். இரண்டாம் தளத்தில் ஒரு கதவைத் திறந்ததும் பிணங்களுக்கு நடுவிலிருந்து புச்சர் பாய்ந்திருப்பான். உங்களுக்கு அவன் வாய்க்கவில்லை. புது ஆட்டம் தொடங்குங்கள், வரக்கூடும்.

இனி அந்த நடை. எனக்கு இந்தக் கேமில் மிகப் பிடித்த விஷயமே அதுதான். டயாப்லோவை உருவாக்கிய டேவிட் பிரெவிக் முதலில் அதை முறைவைத்து ஆடும் கேமாகத்தான் செய்துகொண்டிருந்தார்: நீ ஒரு அடி வை, பிறகு எதிரி ஒரு அடி வைக்கட்டும். கேமை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனம், முறைக்குக் காத்திராமல் எல்லோரும் ஒரே நேரத்தில் நகரும் நிகழ்நேரத்துக்கு மாற்றச் சொன்னபோது அவருக்கு விருப்பமில்லை. கடைசியில் ஒரே பிற்பகலில் சில மணி நேரம் உட்கார்ந்து மாற்றிப் பார்த்தார். ஒரு எலும்புக்கூட்டின் மீது கிளிக் செய்தார், வீரன் நடந்து போய் அதை அடித்து நொறுக்கினான். அங்கேயே அவர் மனம் மாறிவிட்டதாக 2016இல் ஒரு உரையில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் முறைவைத்து ஆடிய அந்தப் பழைய கேமின் அடிப்படை உள்ளே அப்படியே இருக்கிறது. ஆட்கள் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் நகர்கிறார்கள். அதனால் எங்கே நிற்கிறோம் என்பதுதான் உயிர். திறந்த கூடத்தில் நின்றால் எட்டுப் பக்கமும் சூழ்ந்துவிடுவார்கள். ஒரு அடி பின்வாங்கிக் கதவு நிலையில் நின்றால் ஒவ்வொருவராகத்தான் வர முடியும். வில்லாளிகள் தூரத்தில் நின்று எய்தால் சுவர் மறைவுக்கு ஒதுங்கி அவர்களைக் கிட்ட வரவைக்க வேண்டும். குட்டிப் பேய்களில் ஒன்றைக் கொன்றால் மற்றவை சிதறி ஓடும். அவற்றைத் துரத்திப் போனால் இருட்டில் அடுத்த கூட்டத்தின் நடுவில் போய் நிற்பீர்கள். ஓட முடிந்திருந்தால் இதில் எதையும் யோசிக்கத் தேவையில்லை. பிந்திய பாகங்களில் ஓடலாம், நூற்றுக்கணக்கில் கொன்று குவிக்கலாம். நான் அவற்றையும் ரசித்தேன், ஆனால் அங்கே எனக்குப் பயம் வந்ததில்லை.

ஒரே ஊர் என்கிறீர்கள். டிரிஸ்ட்ரம் என்ற அந்த ஊர் சின்னதாக இருப்பதால்தான் மனதில் தங்குகிறது. பையில் இருப்பதே நாற்பது கட்டம், காசும் அதில் இடம் பிடிக்கும். வாள் தேயும். கண்டெடுத்த மோதிரம் இன்னதென்று தெரிய ஊரிலிருக்கும் கெய்ன் கிழவரிடம் நூறு பொன் கொடுக்க வேண்டும். ஆக, திரும்பத் திரும்ப மேலே வந்துதான் ஆகவேண்டும். மந்திரச் சுருளை வாசித்து, ஊருக்குக் கொண்டுவரும் நீல வாசலுக்குள் நுழைந்ததும் இசையமைப்பாளர் மேட் யூல்மனின் பன்னிரு தந்திக் கிட்டார் கேட்கிறதே, அதை ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். வந்த நிம்மதியும் திரும்ப இறங்க வேண்டுமே என்ற தயக்கமும் அதே இசையில் இருக்கும். ஆட்டம் முழுக்க ஒரே கிணற்றில் இறங்குவதுதான்: தேவாலயம், கல்லறைகள், குகைகள், நரகம், ஒவ்வொன்றும் நாலு தளம். போகப் போக ஊர் தூரமாகிக்கொண்டே போகும்.

நீங்கள் கல்லறைகளின் முதல் தளத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஒன்பதாம் தளம் வரையாவது போங்கள். குகைகளில் நெருப்புக் குழம்பு ஓடும், அமிலம் துப்பும் மிருகங்கள் இருக்கும், கதவு அரிது. அதுவரை கற்றுக்கொண்ட கதவு நிலை அங்கே உதவாது. எனக்கு இந்தக் கேம் உண்மையில் பிடித்துப்போனது அங்கேதான்.

கேம் தரும் வீரர்களில் வில்லாளிப் பெண்ணை எடுத்துத் தொடங்குவது நல்லது. நொடிக்கொருமுறை சேவ் பண்ண வேண்டாம். ஊருக்குள் நடப்பதுதான் பொறுக்கவில்லை என்றால், டெவிலூஷன் எக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஊரில் மட்டும் ஓடும் வசதி உண்டு. நீங்கள் வாங்கிய கேமின் கோப்புகளையே அதில் போட்டுக்கொள்ளலாம், போனிலும் வேலை செய்யும். கீழே இறங்கினால் நடைதான்.

குகை தாண்டியதும் எழுதுங்கள், பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். மாமாவிடம் அவர் எந்த வீரனை வைத்து விளையாடினார் என்று கேட்டுச் சொல்லவும்.

அன்புடன்,
அண்ணா