பெரிய கலை அருங்காட்சியகத்தில் தலைமைக் காப்பாட்சியருக்குக் கண்காட்சி நடத்துவதைத் தவிர என்ன வேலை?

"கண்காட்சி நடத்துவதைத் தவிர" என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கலை வரலாறு படிக்கிறீர்கள், "இதைப் படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய்" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்று சொல்லியே பழகிய தலைமுறை அது. அவர்களைக் குறை சொல்லவில்லை. உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

வட அமெரிக்காவில் ஒரு பெரிய கலை அருங்காட்சியகத்தின் பதிவுப் பிரிவில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். தலைமைப் பொறுப்பில் இருந்ததில்லை, அதனால் "உனக்கென்ன தெரியும்" என்று யாராவது கேட்கலாம். சேகரிப்புக்கும் காப்பாட்சியர்கள் (curators) எல்லோருக்கும் தலைவராக இருந்த அம்மையாரின் மேசைக்குப் போகும் காகிதங்களில் பாதி என் கை வழியாகத்தான் போகும். அந்த அளவுக்குத் தெரியும்.

அந்தப் பதவியின் முதல் வேலை, நம்மிடம் என்ன இருக்கிறது, அது இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது, எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது என்று எந்த நேரத்தில் கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய நிலையில் நிறுவனத்தை வைத்திருப்பது. சாதாரணமாகத் தெரியும். ஆனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பவை சுமார் 80 லட்சம் பொருட்கள். பார்வைக்கு இருப்பவை ஏறக்குறைய 80 ஆயிரம், அதாவது நூற்றில் ஒன்று. மீதியெல்லாம் கிடங்கில். 2023 ஆகஸ்டில் அங்கே திருட்டு வெளிவந்தபோது, காணாமல் போனவை, சேதமானவை எல்லாம் சேர்த்து சுமார் 2,000 என்றார்கள். அதில் பெரும்பகுதி ஒழுங்காகப் பதிவே செய்யப்படாத சின்னச் சின்ன நகைக்கற்களும் பொன் துண்டுகளும். பதிவில் இல்லாத பொருள் போனால் போனதே தெரியாது. இயக்குநர் பதவி விலகினார். அப்புறம்தான் ஐந்து வருடத்துக்குள் முழுச் சேகரிப்பையும் கணினியில் ஏற்றுகிறோம் என்று அறிவித்தார்கள்.

பதிவு என்றால் நோட்டில் எழுதுவது மட்டும் இல்லை. ஒரு வெண்கலச் சிலை வந்தால் அதன் மேலேயே எண் எழுத வேண்டும். பீடத்தின் பின்பக்கம், கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து, பின்னாளில் கரைத்து எடுத்துவிடக்கூடிய பிசின் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் மெல்லிய பேனாவால் வந்த வருடம், வரிசை எண். அதற்கு மேல் இன்னொரு பூச்சு. கையுறை போடாமல் தொடக்கூடாது. வியர்வையில் இருக்கும் உப்பு செம்பைப் பிடித்துக்கொள்ளும். உப்பு உள்ளே புகுந்த வெண்கலம் ஈரக்காற்று பட்டால் வெளிர்பச்சையாகப் பொடி விட ஆரம்பிக்கும், விட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். அந்தப் பச்சைப் பொடியை ஒரு மடிப்பில் பார்த்துவிட்டால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடாது.

சரி, தலைமை என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். எங்களுக்குப் பல நல்ல ஓவியங்கள் கொடுத்த ஒரு செல்வந்தர், சுமார் இரண்டடி உயரமுள்ள ஒரு பார்வதி சிலையைக் கொடுக்க முன்வந்தார். சோழர் காலம். எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். கூடவே தென்னாசியக் கூடத்தைப் புதுப்பிக்கப் பணமும் தருகிறேன் என்றார். சிலை வந்து மேசையில் ஏறியதும் பார்த்தேன். பல தலைமுறை அபிஷேகம் கண்ட சிலைக்கு மூக்கும் உதடும் தேய்ந்து மழமழவென்று இருக்கும். இதில் மூக்கு கூராக இருந்தது, சேலை மடிப்புகளில் மண் கெட்டியாக ஒட்டியிருந்தது. பீடத்தில் உற்சவத்துக்குக் கழி கோக்கும் வளையங்கள் அப்படியே இருந்தன. கோயில் சிலை, ஆனால் மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்தது. அதில் தப்பில்லை. படையெடுப்புக் காலத்தில் புதைத்து வைத்த சிலைகள் தஞ்சைப் பக்கம் இன்றும் கிடைக்கின்றன. எப்போது தோண்டி எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு ரசீது இருந்தது. பம்பாய் வியாபாரி ஒருவரின் கடிதத்தாள், தட்டச்சு செய்தது, தேதி 1969. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது 1970ல். அதற்கு முன்பே பொருள் பிறந்த நாட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், அல்லது முறையான ஏற்றுமதி அனுமதி இருக்க வேண்டும் என்று கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் 2008ல் விதியை இறுக்கியிருந்தது. 1969 என்றால் பிரச்சினையே இல்லை. எல்லோரும் கையெழுத்துக்குத் தயார்.

அந்தத் தாளின் தலைப்பில் அச்சடித்த முகவரியில் பம்பாய்க்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் இருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் எண். நம் ஊரில் பழைய கடிதம் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்பெல்லாம் தி.நகர் என்றால் மெட்ராஸ்-17தான், 600017 பின்னால் வந்தது. பின்கோடு அமலுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15ல். 1969ல் தட்டச்சு செய்த ரசீதில் அது இருக்க வழியே இல்லை.

நான் ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினேன். என் வேலை அதோடு முடிந்தது. அந்த அம்மையாரின் வேலை அங்கேதான் ஆரம்பித்தது. கொடையாளர் ஏமாற்றப்பட்டிருக்கலாம், அவரை அவமானப்படுத்தக்கூடாது. அறங்காவலர் குழுவில் அவருடைய நண்பர்கள் இருந்தார்கள். "ஒரு எண்ணை வைத்து இவ்வளவு பெரிய கொடையை விடுவதா" என்று கேட்டார்கள். இந்தியர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு எழுதிய குறிப்பு என்று ஒருவர் சொன்னதும் என் காதுக்கு வந்தது. அம்மையார் குரலை உயர்த்தவில்லை, என் பெயரையும் இழுக்கவில்லை. அஞ்சல் துறையின் தேதியைக் காட்டினார், வேண்டாம் என்றார். சட்டப் பிரிவு வழியாகத் தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போனது. கூடத்துக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. வர இருந்த இரண்டு ஓவியங்களும் வேறு ஊருக்குப் போயின. அந்த வருடக் கூட்டத்தில் அதற்காக அவரைத்தான் கேள்வி கேட்டார்கள். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த காப்பாட்சியர்கள் யாருக்கும் அந்தச் சூடு படவில்லை.

அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008ல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு நடராசரை வாங்கியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டவர் அவர். கூடவே வந்த காகிதங்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம் காட்டிக்கொடுத்தது. 2014ல் அந்நாட்டுப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

"பெரிய மியூசியங்களே கொள்ளையடித்த சொத்தில்தானே நிற்கின்றன, இதில் என்ன நேர்மை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். அமராவதிச் சிற்பங்களில் ஒரு பங்கு லண்டனில் இருப்பது எனக்கும் உறுத்தல்தான். அதைப் பேசத்தான் வேண்டும். அதற்காக இன்றைக்கு மேசைக்கு வரும் சிலையை யாரும் சோதிக்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நம் பத்திரிகைகளும் சேனல்களும் சிலை பிடிபட்டால் "பல கோடி மதிப்புள்ள ஐம்பொன் சிலை" என்று போடுவதை எப்போது நிறுத்தப் போகிறார்கள்? சோழர் வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு, கொஞ்சம் ஈயம், வெள்ளீயம். தங்கம் இருந்தாலும் மிகச் சொற்பம். பூட்டு உடைந்து கிடக்கும் கிராமத்துக் கோயிலில் பல கோடி இருக்கிறது என்று தினமும் விளம்பரம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது இது. எந்தக் கோயில், எந்த ஆண்டுப் பதிவில் இருக்கிறது, படம் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று ஒரு வரி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

நீங்கள் சென்னையில் இருந்தால் எழும்பூரில் வெண்கலக் கூடத்தில் ஆரம்பியுங்கள். திருவாலங்காட்டு நடராசரைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். அங்கே பல சிலைகள் 1878 புதையல் சட்டப்படி, நிலத்தில் கிடைத்து, கலெக்டர் வழியாக வந்தவை. அதனால்தான் ஊர் பெயரோடு நிற்கின்றன. கலைக்கூடங்களில் வேலைக்கு மனுப் போடும்போது, ஏதாவது ஒரு சிலையை எடுத்துக்கொண்டு, மண்ணிலிருந்து அந்தக் கூடம் வரை அது வந்த வழியை இரண்டு பக்கத்தில் எழுதி இணைத்து அனுப்புங்கள். எங்கள் பிரிவில் ஆள் எடுத்தபோது நாங்கள் முதலில் படித்தது அப்படிப்பட்ட தாள்களைத்தான்.