வாசகர் கேள்வி: மிதந்துகொண்டே போகும் விமானத்துக்கு ஃப்ளாப்

கேள்வி (கொளத்தூர் வாசகர்): ஃபோம் போர்டில் செய்த ரேடியோ விமானம். இறக்கை நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ., பேட்டரியோடு எடை 1.1 கிலோ. வறண்ட ஏரியில் இறக்கும்போது தரையோடு மிதந்துபோய்ச் சீமைக் கருவேலத்தில் சிக்குகிறது. ஃப்ளாப் (வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) வைத்தால் சரியாகுமா? எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் தகடு) இறக்கையின் வெளிப்பாதியில் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6.

பதில்: சரியாகும். விமானத்தின் உடலுக்கும் எய்லரானுக்கும் நடுவே, பக்கத்துக்கு 26 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஃப்ளாப் வெட்டுங்கள். ஃபோம் போர்டின் மேல் காகிதத்தையும் ஃபோமையும் மட்டும் வெட்டி, அடிக்காகிதத்தை விட்டுவிடுங்கள், அதுவே கீல். நம் ஊர் ஈரக் காற்றில் வெறும் காகிதம் உரிந்துவிடும், அதனால் அடியில் நார் டேப் ஒட்டியே ஆக வேண்டும். கீல் அடியில் இருப்பதால் ஃபோமைச் சாய்வாகச் சீவ வேண்டாம். ஃப்ளாப் மட்டத்துக்கு மேலே போகாமல் தானாகவே நிற்கும்.

ரிச்சி தெருவில் கிடைக்கும் 9 கிராம் எஸ்ஜி90 சர்வோ (தகட்டை அசைக்கும் சிறு மோட்டார்) இரண்டு போதும். ஆனால் கரடுமுரடான தரையில் இறக்குபவர்கள் உலோகப் பல்சக்கரம் உள்ள எம்ஜி90எஸ் வாங்குவது நல்லது. இறங்கியிருக்கும் ஃப்ளாப் கட்டாந்தரையில் இடித்தால் முதலில் உடைவது பிளாஸ்டிக் பல்தான். ஹார்னை (கம்பி மாட்டும் சிறு நெம்புகோல்) ஃப்ளாப்பின் அடிப்பக்கம் ஒட்டுங்கள். சர்வோ கம்பியை இழுக்கும்போது ஃப்ளாப் இறங்க வேண்டும். காற்று எதிர்த்துத் தள்ளினாலும் இழுவிசையில் இருக்கும் கம்பி வளையாது.

பலரும் தவறுவது இணைப்பில். எய்லரானுக்குச் செய்வதுபோல இரண்டு சர்வோவையும் கண்ணாடிப் பிம்பமாக வைத்து ஒய்-கேபிளில் (ஒரே சேனலை இரண்டு சர்வோவுக்குப் பிரிக்கும் வயர்) சேர்த்தால், ஒன்று இறங்கும், மற்றது ஏறப் பார்க்கும். எய்லரான்கள் ஒய்-கேபிளில் இருந்தால் உங்களிடம் 5, 6 சேனல்கள் காலியாக இருக்கும். ஆளுக்கொரு சேனல் கொடுத்து, இரண்டையும் டிரான்ஸ்மிட்டரின் விஆர்-ஏ குமிழுக்கே ஒதுக்கி, ஒன்றை மட்டும் ரிவர்ஸ் செய்யுங்கள். குமிழ் நடுவில் இருக்கும்போது ஃப்ளாப் 20 டிகிரி இறங்கியிருக்கும்படி கம்பியை மாட்டினால்தான் சர்வோவின் முழு ஓட்டமும் பயன்படும். அந்த நிலையில் பின்விளிம்பு 1.7 செ.மீ. இறங்கியிருக்கும், முழு 40 டிகிரியில் 3.2 செ.மீ. ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளந்து, எண்ட் பாயின்ட்டில் (சர்வோ ஓட்டத்தின் எல்லையைக் குறிக்கும் அமைப்பு) சமப்படுத்துங்கள். வித்தியாசம் இருந்தால் விமானம் ஒரு பக்கம் உருளும். மேலே ஏற்றிய நிலையில் சர்வோ முனகினால் ஓட்டத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் அது சூடாகி மின்சாரத்தைத் தின்னும். சர்வோக்கள் கூடிவிட்டதால் இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்ள பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) 2 ஆம்பியர் லீனியர் வகையா என்று பாருங்கள். அப்படியானால் தனியாக 3 ஆம்பியர் யூபிஇசி போட வேண்டும். மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் ஒரு நொடி அணைந்தாலும் விமானம் போய்விடும்.

கேள்வி (அதே வாசகர்): ஃப்ளாப்பை இறக்கியதும் மூக்கு தூக்கும் என்கிறார்களே?

பதில்: உயர் இறக்கை விமானத்தில் பெரும்பாலும் தூக்கும். 30 மீட்டருக்கு மேல், வேகத்தைக் குறைத்துவிட்டு முதலில் பாதி மட்டும் இறக்கிப் பாருங்கள். மூக்கை மட்டமாக வைக்க எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) குச்சியை எவ்வளவு தள்ளினீர்களோ, அந்த அளவை 5-ஆம் (ஃப்ளாப்) சேனலிலிருந்து 2-ஆம் (எலிவேட்டர்) சேனலுக்கு மிக்ஸாக (ஒன்று அசைந்தால் மற்றதும் தானாக அசையும் அமைப்பு) கொடுங்கள். ஃப்ளாப் ஏற்றியிருக்கும்போது எலிவேட்டர் மட்டமாக இருக்கும்படி ஆஃப்செட்டைத் திருத்துவதையும் மறக்க வேண்டாம். தரைக்கு அருகே மீண்டும் எழும்ப நேர்ந்தால் முதலில் திராட்டில், பிறகு மெதுவாக ஃப்ளாப். சட்டென்று ஏற்றினால் விமானம் தொப்பென்று இறங்கும்.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): எய்லரான்களையே ஃப்ளாப்பாக இறக்கினால் என்ன?

பதில்: சர்வோ மிச்சமாகும். ஆனால் இறக்கை நுனி முதலில் ஸ்டால் ஆகி (தூக்குவிசையை இழந்து), தரைக்கருகே ஒரு பக்கம் சாய்ந்து விழும். 10 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

இருவருக்குமே ஒன்று: கோடையில் நடுப்பகலுக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். அந்த வீச்சில் முழு ஃப்ளாப் ஆபத்து, பாதியோடு நிறுத்துங்கள். சோதனைப் பறப்பைக் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். இடத்தை டிஜிட்டல் ஸ்கை (பறக்கத் தடையுள்ள இடங்களைக் காட்டும் அரசு இணையதளம்) வரைபடத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். மீனம்பாக்கம், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் தடைகள் உண்டு.