பீரில் முடியும் நடை – கடிதம்

வணக்கம்.

ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் வேலை கிடைத்து வந்தேன், இது இரண்டாவது கோடை. எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் நடக்கப் போகிறார்கள். இந்த முறை கிராஃபன்பெர்க் பக்கம், பீர் காய்ச்சும் ஐந்து ப்ரூவரிகளை இணைக்கும் 'ஃப்யூன்ஃப் ஸைட்லா ஸ்டைக்' என்ற பாதை. வந்த மின்னஞ்சலில் எத்தனை கிலோமீட்டர் என்பது எங்கோ அடியில் இருந்தது, ப்ரூவரிகளின் பெயர்கள் மட்டும் கொட்டை எழுத்தில்.

நான் குடிப்பதில்லை. பெரிய கொள்கை எல்லாம் கிடையாது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் நடக்கப் பிடிக்கும். வார இறுதிகளில் காட்டில் தனியாக நடக்கிறவன். இவர்கள் போவது நடப்பதற்கா, குடிப்பதற்கா? மலையையும் மரங்களையும் பீருக்கு முன்னால் வரும் சடங்காக ஆக்கிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. நீங்கள் அந்தப் பக்கம் நடந்திருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். போகவா, தலைவலி என்று சொல்லி நின்றுவிடவா?

ஒரு வாசகர், எர்லாங்கன்

*

அன்புள்ள நண்பருக்கு,

போங்கள். தலைவலியை வேறு ஏதாவது நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் நடப்பதற்கா குடிப்பதற்கா என்ற கேள்வியை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுபோகிறீர்கள். அந்த ஊர்க்காரரிடம் கேட்டால் கேள்வியே புரியாமல் விழிப்பார். அந்த மலையும் அந்தப் பீரும் அங்கே ஒன்றையொட்டி ஒன்று வளர்ந்தவை. எப்படி என்று தெரிந்துகொண்டு போனால், ஒரு சொட்டுக் குடிக்காமலேயே நடையின் முக்கால்வாசி உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஃப்ராங்கிஷ் ஸ்விட்ஸர்லாந்து என்று சொல்லப்படும் அந்தப் பகுதியில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லும் அதன் உறவான டோலமைட் பாறையும். ஜுராசிக் காலத்துக் கடலடி. மழைத்தண்ணீர் மேலே நிற்காமல் கல்லுக்குள் இறங்கிவிடும். அதனால் மேட்டுநிலம் காய்ந்து கிடக்கும், பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றுகள் பொங்கும். மலைக்குள் நிறையக் குகைகள். இதெல்லாம் சுற்றுலாக் கையேட்டில் இருக்கிற விஷயம்தான். பீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், குளிர்.

அங்கே காய்ச்சுகிற பீர் பெரும்பாலும் அடியில் படிந்து நொதிக்கும் ஈஸ்ட்டால் ஆனது. அந்த ஈஸ்ட் சுமார் 4 முதல் 10 டிகிரிக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். வெயில் ஏறினால் காய்ச்சியது புளித்துக் கெடும். பவேரிய ஆட்சியில் 1553-இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எர்லாங்கனும் பாம்பெர்க் நகரமும் இருக்கும் ஃப்ராங்கோனியா இன்று பவேரியாவோடு இருந்தாலும், அன்று வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தது. பாம்பெர்கில் பீருக்கு என்ன சேர்க்கலாம் என்று 1489-இலேயே சட்டம் இருந்தது; எல்லோரும் பெரிதாகப் பேசுகிற 1516-ஆம் வருடத்துப் பவேரியச் சட்டத்துக்கு 27 வருடம் முந்தியது. பாம்பெர்க்காரர்கள் இதைச் சொல்லிக்காட்டாமல் இருக்கமாட்டார்கள். ஆனால் உத்தரவு யாருடையதாக இருந்தாலும் வெயில் ஒன்றுதான். குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கோடை முழுக்கக் கெடாமல் வைத்திருக்க எல்லோருக்கும் இடம் வேண்டியிருந்தது.

மலையைக் குடைந்தார்கள். வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே குளிரில் இருக்கும் நிலவறைகள். குளிர்காலத்தில் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து உள்ளே அடுக்குவார்கள். மேலே வெயில் அடித்து அறை சூடாகாமல் இருக்க மரம் நட்டார்கள், முக்கியமாகக் குதிரைச் செஸ்ட்நட். இலை அகலம், நிழல் அடர்த்தி, வேர் ஆழமாக இறங்காது, அதனால் நிலவறைக் கூரையைப் பிளக்காது. அப்புறம் யாருக்கோ யோசனை வந்திருக்கிறது: பீப்பாய் இங்கே, நிழல் இங்கே, இதை ஏன் வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய் விற்க வேண்டும்? நாலு பெஞ்சு போட்டார்கள். இன்றைக்கும் அந்த ஊர்களில் 'கெல்லர்' என்றால் நிலவறை மட்டுமல்ல, அதன் மேல் மரத்தடியில் உட்காரும் இடமும்தான். அங்கே 'கெல்லருக்கு மேலே போகிறோம்' என்பார்கள். நீங்கள் இருக்கும் எர்லாங்கனிலேயே பெந்தெகொஸ்தே சமயத்தில் புர்க்பெர்க் மலையில் நடக்கும் பெரிய திருவிழா இப்படிப்பட்ட நிலவறைகளின் மேல்தான் நடக்கிறது. ஃபோர்ஹைமில் ஒரு காட்டுக்கே கெல்லர்காடு என்று பெயர்.

ஆக, கெல்லருக்குப் போவதென்றாலே ஊரைவிட்டு வெளியே மலைச்சரிவு வரைக்கும் நடப்பதுதான். 1870-களில் லிண்டே என்ற ஜெர்மன் பொறியாளர் குளிர்பதன இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு நிலவறை கட்டாயமில்லாமல் போனது. பாதையும் பெஞ்சும் மரமும் மிச்சம்.

நடந்து வரும் வழியில் சரிவோரமாக இரும்புக் கதவு போட்ட பழைய நிலவறை ஏதாவது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். கல் வளைவு, பாசி, துருப்பிடித்த பூட்டு. ஆகஸ்ட் மத்தியானத்தில் கதவின் கீழ் இடுக்கில் காலை வைத்தால் கணுக்காலுக்கு மட்டும் மார்கழி வரும். ஷூவும் காலுறையும் தாண்டி உறைக்கும். எத்தனை மனிதர்கள் எத்தனை நாள் உளியோடு உள்ளே நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். கூட வந்த நண்பர் பொறுமை இழந்து முன்னால் போய்விட்டார்.

காய்ச்சும் நாளாக அமைந்தால் இன்னொன்றும் கிடைக்கும். முளைகட்டிய பார்லியைக் கொதிக்கவைக்கும் வாசனை தெருமுனையிலேயே வந்துவிடும். சாராய நெடி துளியும் இருக்காது. கஞ்சியும் பாகும் கலந்த ஒரு சூடான வாசனை. ஆவி பறக்கும் சக்கையை வண்டியில் அள்ளிப்போட்டு மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புவார்கள். குடிக்காதவர்களுக்கும் இதெல்லாம் இலவசம்.

நடை எப்போது வந்தது என்றால், அதற்கும் உங்கள் ஊர்தான் தொடக்கம். 1793-இல் எர்லாங்கனில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், வாக்கன்ரோடரும் லுட்விக் டீக்கும், பெந்தெகொஸ்தே விடுமுறையில் இந்தப் பக்கம் கிளம்பிப் போனார்கள். பாறை, குகை, இடிந்த கோட்டை என்று பார்த்ததை எழுதினார்கள். ஜெர்மன் ரொமான்டிக் இலக்கியத்தில் இந்த மலைகள் நுழைந்தது அவர்கள் வழியாகத்தான். நிலக்காட்சியை நின்று ரசிப்பது என்ற பழக்கத்துக்கே அந்தத் தலைமுறைக்குப் பெரிய பங்கு உண்டு. காட்டில் தனியாக நடக்கிற உங்கள் பழக்கம் அவர்கள் போட்ட தடத்தில்தான் போகிறது, தெரிந்தோ தெரியாமலோ.

ஆனால் தடம் அழியாமல் இருப்பதற்குக் காரணம் கவிஞர்கள் இல்லை. ஃப்ராங்கிஷ் ஸ்விட்ஸர்லாந்து சங்கம் 1901-இல் தொடங்கியது, ஃப்ராங்கிஷ் ஆல்ப் சங்கம் 1914-இல். இவற்றின் உறுப்பினர்கள் பெயின்ட் டப்பாவோடு போய் மரத்துக்கு மரம் குறி போடுகிறார்கள். சிவப்புப் புள்ளி, நீலச் சிலுவை, மஞ்சள் வளையம் என்று ஒவ்வொரு பாதைக்கும் ஒரு குறி. சம்பளம் கிடையாது. நல்ல பாதையில் திருப்பத்துக்கு முன்னால் ஒரு குறி, திரும்பிய உடனே சரியான வழிதான் என்று உறுதிசொல்ல இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது குறியைப் போட்டவர் தானே அந்த வழியில் ஒருநாள் குழம்பி நின்றவராக இருக்கவேண்டும்.

மரத்தில் இருக்கும் புள்ளியை மட்டும் நம்புங்கள். பாறையின் அடியில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது உங்களுக்கல்ல. 1975-இல் குர்ட் ஆல்பர்ட் என்ற பாறையேறி, கயிற்றையோ ஆணியையோ பிடித்துத் தொங்காமல் கைகாலால் மட்டும் ஏறி முடித்த வழிகளின் அடியில் சிவப்புப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். உலகம் முழுக்கப் பாறையேறிகள் இன்று 'ரெட்பாயிண்ட்' என்று சொல்வது இந்த மலையிலிருந்து போனதுதான். அதைப் பின்பற்றினால் ப்ரூவரிக்கு அல்ல, செங்குத்தாக மேலே போய்ச் சேர்வீர்கள்.

சரி, உங்கள் சந்தேகத்தின் நியாயமான பாதி. ஐந்து ப்ரூவரி என்பது எனக்கும் உவப்பில்லை. வைசனோஹ, கிராஃபன்பெர்க் (இங்கே இரண்டு), ஹோஹன்ஷ்வார்ஸ், துய்ஸ்ப்ரூன் என்று சுமார் 10 கிலோமீட்டருக்குள் ஐந்து. ஒரு ஸைட்லா என்றால் அரை லிட்டர். ஐந்தும் குடித்தால் இரண்டரை லிட்டர். சராசரியாக 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட நூறு கிராம் சுத்த ஆல்கஹால் உடம்புக்குள் போகிறது. அதோடு ஈரமான பீச் (beech) மர இலை மூடிய சுண்ணாம்புக்கல் இறக்கத்தில் கால் வைக்க வேண்டும். மூன்றாவது இடத்துக்கு மேல் யாரும் மரத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த பெயர்ப்பலகையைத்தான் பார்க்கிறார்கள். வசந்தத்தில், நல்ல வெயிலடிக்கும் சனிக்கிழமைகளில், கத்திப் பாடிக்கொண்டு போகும் கும்பல்கள் எதிர்ப்படும். நீங்கள் சொன்ன 'சடங்கு' அவர்களுக்குச் சரியாகப் பொருந்தும். கும்பல் இல்லாத நாளில் அதே பாதை வேறு பாதை.

என்னைக் கேட்டால் ஒரு நாளுக்கு ஒரு ப்ரூவரி, அதுவும் கடைசியில். ஆவ்ஸெஸ் என்ற சின்ன ஊராட்சியில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நான்கு ப்ரூவரிகள். தலைக்கு அதிக ப்ரூவரி உள்ள இடம் என்று கின்னஸில் ஏறிய ஊர். அங்கேயும் நாலையும் சுற்றிவர ஒரு வட்டப்பாதை உண்டு. நடக்க அருமையான பாதை. ஆனால் நாலிலும் உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூன்றை வெளியிலிருந்து பார்த்துவிட்டுக் கடைசி ஒன்றில் காலை நீட்டலாம்.

முடிவில் ஏன் ப்ரூவரி, ஏன் ஒரு நல்ல காட்சிமுனை இல்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். காட்சிமுனையில் பத்து நிமிடம் நிற்பீர்கள், படம் எடுப்பீர்கள், இறங்குவீர்கள். கெல்லரில் இரண்டு மணி நேரம் உட்காருவீர்கள். நீள மேசை, நீள பெஞ்சு. இடம் இருந்தால் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் "இங்கே காலியா?" என்று கேட்டு உட்கார்ந்துகொள்ளலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவர் முதல் அரை மணி நேரம் வாய் திறக்கமாட்டார், ஃப்ராங்கோனியர்களுக்கு அது கௌரவம். அப்புறம் எந்தப் பக்கமாக வந்தீர்கள் என்று கேட்பார். சொன்னால், அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது என்பார். அந்த வழி வரைபடத்தில் இருக்காது. ஒன்று மட்டும் கவனம்: 'ஸ்டாம்டிஷ்' என்று பலகை வைத்த மேசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். அது உள்ளூர் வாடிக்கைக்காரர்களின் மேசை, காலியாக இருந்தாலும் காலி இல்லை.

குடிக்காதவர் என்று யாரும் உங்களை வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். ஆப்பிள் சாறும் சோடாத் தண்ணீரும் கலந்த ஷோர்லே எங்கேயும் கிடைக்கும், நடந்து வந்த தாகத்துக்கு அதைவிட நல்லது இல்லை. காரோட்டி வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் குடிப்பார்கள். சாப்பாட்டுக்குப் பன்றித் தோள்கறி பிரசித்தம். கறி வேண்டாமென்றால் வெங்காயமும் மிளகுப்பொடியும் போட்டுப் பிசைந்த கெருப்ஃப்டர் என்ற பாலாடைக்கட்டியும் கறுப்பு ரொட்டியும். 'ப்ரோஸ்ட்' சொல்லிக் கோப்பையை இடிக்கும்போது கண்ணைப் பார்த்து இடியுங்கள். கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப்பார்ப்பதில்லை, கண்ணைப் பார்க்காவிட்டால்தான் குற்றம்.

கிராஃபன்பெர்க்குக்கு நியூரம்பெர்க் வடகிழக்கு நிலையத்திலிருந்து ரயில் போகிறது, அதில் கடைசிக்கு முந்தின நிறுத்தம்தான் வைசனோஹ. துய்ஸ்ப்ரூனில் ரயில் இல்லை. ஆகவே உங்கள் குழு எந்தத் திசையில் நடக்கிறது, எங்கே முடிக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வருகிற கடைசி வண்டியின் நேரத்தை நீங்கள் வைத்துக்கொள்வது நல்லது. அன்று சாயங்காலம் தெளிவாக இருக்கப்போகிற ஒரே ஆள் நீங்கள்தான். கையில் ரொக்கமும் கொஞ்சம் இருக்கட்டும், கிராமத்தில் எல்லா இடத்திலும் அட்டை எடுக்கமாட்டார்கள்.

பின்னால் தனியாகப் போக ஆசை வந்தால் ஏப்ரல் கடைசியில் வால்பெர்லா குன்றுப் பக்கம் போங்கள். சுற்றிலும் செர்ரித் தோட்டங்கள், பூத்திருக்கும். போகும் முன்னால் அந்த ஊர் ப்ரூவரிக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று பார்த்துவிடுங்கள். வாரத்தில் ஒருநாளோ இரண்டுநாளோ பெரும்பாலும் மூடுவார்கள், நீங்கள் இருபது கிலோமீட்டர் நடந்து வந்தீர்கள் என்பதற்காகத் திறக்கமாட்டார்கள்.

அன்புடன்.