முதல் நர்ஸ் வேலை தேடுறீங்களா? கேளுங்க, சொல்றேன்

16 வருஷமா வார்டுல இருக்கேன், கடைசி 6 வருஷம் இன்சார்ஜ். புதுசா வர்றவங்களை இன்டர்வியூ பண்ற டேபிள்ல எனக்கும் ஒரு சேர் உண்டு. நைட் முடிச்சு தூங்கி எழுந்து உக்காந்திருக்கேன், ஒவ்வொருத்தரா கேளுங்க.

சிஸ்டர், எங்க பாத்தாலும் 2 வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேக்குறாங்க. வேலையே குடுக்காம எக்ஸ்பீரியன்ஸ் எங்கேர்ந்து வரும்?

நியாயமான கோவம்தான் மா. ஐசியூ, ஆபரேஷன் தியேட்டருக்கு நிஜமாவே கேப்பாங்க, அதை விட்ருங்க. ஜெனரல் வார்டுக்கு அந்த வரி பல நேரம் பழைய விளம்பரத்துலேர்ந்து அப்படியே எடுத்து போட்டதா இருக்கும், ஆள் பத்தலன்னா புதுசையும் எடுப்பாங்க, அதனால அப்ளை பண்ணிடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி படிக்கும்போது நீங்க போஸ்டிங் (பயிற்சி) பண்ண வார்டு இன்சார்ஜை நேர்ல போய் பாருங்க. நீங்க வேலை செஞ்சதை கண்ணால பாத்தவங்க அவங்கதான், அவங்க சொல்ற ஒரு வார்த்தைக்கு இருக்குற மதிப்பு நீங்க அனுப்புற 50 மெயிலுக்கு இருக்காது.

ரெஸ்யூம்ல எழுத ஒண்ணுமே இல்ல சிஸ்டர். ஃப்ரெஷர்னு மட்டும் போட்டிருக்கேன்.

பயிற்சியில செஞ்சதையெல்லாம் குறிச்சு வச்ச லாக் புக் இருக்குல்ல? அதை எடுத்து வச்சு எண்ணுங்க. "கடின உழைப்பாளி, டீம் பிளேயர்" எல்லாம் அடிச்சிடுங்க, அதை எல்லாரும்தான் எழுதுறாங்க, நாங்க படிக்கிறதே இல்ல. எந்த வார்டு, எத்தன வாரம், ஒரு ஷிஃப்டுக்கு எத்தன பேஷன்ட் பாத்தீங்க, மேற்பார்வையில என்னென்ன செஞ்சீங்க, இதை எழுதுங்க. ஒரு பொண்ணு ஒரே பக்கத்துல கொண்டு வந்தா, அதுல "ஐவி லைன் 40"ன்னு ஒரு வரி, அதாவது டிரிப்ஸ் ஏத்த நரம்புல 40 தடவ ஊசி போட்டிருக்கா. எத்தன தடவ தவறுச்சுன்னு கேட்டேன். "முதல் 10ல 6 போச்சு மேடம், கண்ணால பாத்து குத்திட்டு இருந்தேன், அப்புறம் ஒரு சிஸ்டர் விரல் வச்சு நரம்பை தடவி பாக்க சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் குறைஞ்சுது"ன்னா. அன்னைக்கே எடுத்துட்டோம். தவறுனதையே சொல்லாத ஆளை வார்டுல வச்சுக்க எனக்கு பயம்.

இன்டர்வியூல டெக்னிக்கலா என்ன கேப்பாங்க?

பெருசா ஒண்ணும் இல்ல, அடிப்படைதான், ஆனா அதுலதான் சறுக்குறாங்க. 1000 மில்லி டிரிப்ஸ் 8 மணி நேரத்துல போகணும், டிரிப் செட் மில்லிக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தன சொட்டு? 1000ஐ 20ஆல பெருக்கி 480 நிமிஷத்தால வகுத்தா கிட்டத்தட்ட 42. மைக்ரோ செட்னா மில்லிக்கு 60ன்னு ஞாபகம் வைங்க. பெரியவங்களுக்கு சிபிஆர்னா (இதயம் நின்னா நெஞ்சை அழுத்துறது) நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 அழுத்து, ஆழம் 5லேர்ந்து 6 சென்டிமீட்டர், 30 அழுத்துக்கு 2 மூச்சு.

அப்புறம் நான் கண்டிப்பா கேக்குற ஒண்ணு: பிளட் ஏத்த ஆரம்பிச்சு 10 நிமிஷத்துல பேஷன்ட்டுக்கு குளிர் நடுக்கம் வருது, என்ன செய்வீங்க? பாதி பேர் "டாக்டரை கூப்பிடுவேன்"னு ஆரம்பிக்கிறாங்க. அவர் வர்ற வரைக்கும் பிளட் ஓடிக்கிட்டே இருக்குமே மா! முதல்ல நிறுத்தணும், வேற செட்ல நார்மல் சலைன் போட்டு லைனை காப்பாத்தணும், வைட்டல்ஸ் (பிபி, பல்ஸ் மாதிரி) பாத்துட்டே டாக்டருக்கு சொல்லணும், பேரும் பேக் நம்பரும் திரும்ப சரி பாக்கணும், பேக்கை தூக்கிப் போடாம பிளட் பேங்குக்கு அனுப்பணும்.

பதில் தெரியலன்னா "தெரியாது"ன்னு சொல்லலாமா?

தாராளமா. "தெரியல, சீனியர்கிட்ட கேட்டுட்டுதான் தொடுவேன்"னு சொல்லுங்க. அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நேரா நரம்புல தள்ளச் சொன்னா செய்வீங்களான்னு சும்மா சோதிச்சு பாப்பேன், டாக்டர் சொன்னா செய்வேன்னு தலையாட்டுனவங்க இருக்காங்க. இதயம் நின்னுடும் மா. அதை கரைச்சு மெதுவாத்தான் ஏத்தணும், யார் சொன்னாலும் மறுக்கணும்.

எனக்கு டாக்டர்கிட்ட ஃபோன்ல பேசவே வாய் குழறும்…

எஸ்பார் (SBAR) முறைய பழகுங்க. அமெரிக்க கடற்படை நீர்மூழ்கி கப்பல்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பழக்கம் அது: இப்ப என்ன பிரச்சனை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேணும். "டாக்டர், 12ம் பெட், பிபி 84/50, பல்ஸ் 126. ஆபரேஷன் முடிஞ்சு 4 மணி நேரம் ஆகுது, டிரெய்ன் டியூப்ல இந்த ஒரு மணி நேரத்துல மட்டும் 300 மில்லி பிளட். பிளீடிங்னு நினைக்கிறேன், உடனே வந்து பாருங்க." அரை நிமிஷம்தான். கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமா சொல்லிப் பாருங்க, இன்டர்வியூலயும் இதே வரிசையில பேசலாம்.

ஆண் நர்ஸ் நான். எடுப்பாங்களா சிஸ்டர்?

எடுப்பாங்க பிரதர். எமர்ஜென்சி, டயாலிசிஸ், ஆர்த்தோ பக்கம் போங்க.

படிச்சு முடிச்சு 8 மாசம் ஆச்சு. முதியோர் இல்லத்துல கூப்பிடுறாங்க, போனா ஸ்கில் போயிடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க.

வீட்ல உக்காந்திருந்தா மட்டும் ஸ்கில் வளருதா? போங்க. படுக்கைப் புண், இன்சுலின், கதீட்டர், ஒரே ஆளுக்கு 10 மாத்திரை, எல்லாம் அங்க இருக்கு. பெரிய வார்டுக்கு போற ஆசை இருந்தா ரொம்ப வருஷம் அங்கயே தங்கிடாதீங்க, அவ்வளவுதான்.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் பணமும் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டும் கேக்குறார்.

ரெண்டுமே குடுக்காதீங்க. வேலை தேடுற ஆள்கிட்ட ஏஜென்சி ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1997ம் வருஷ 181வது ஒப்பந்தமே சொல்லுது. ஒரிஜினலை காட்டலாம், குடுக்குறது காப்பி மட்டும்தான். உள்ளூர்ல சேந்தாலும் பாண்ட்ல (இத்தன நாள் இருப்பேன்னு குடுக்குற ஒப்பந்தம்) கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும், ஓரியன்டேஷன் எத்தன வாரம், எப்போலேர்ந்து நைட்ல தனியா விடுவாங்கன்னு கேளுங்க. கேட்டா முகம் சுளிக்கிற இடம்னா யோசிச்சுக்கோங்க.

வேலை கிடைச்சிடுச்சு சிஸ்டர், நாளைக்கு ஜாயினிங்! என்ன எடுத்துட்டு போகணும்?

அட, வாழ்த்துக்கள் மா! ஒரு குட்டி நோட்டு, ரெண்டு பேனா (ஒண்ணு எவனாவது சுட்டுடுவான்), கால் கடிக்காத பழகுன ஷூ, செகண்ட் முள் இருக்குற வாட்ச். பல்ஸ் எண்ண ஃபோனை எடுக்காதீங்க, நீங்க 72ல இருக்குறப்ப பேஷன்ட்டோட அம்மா "இந்த பொண்ணு எந்நேரமும் வாட்ஸ்அப்லயே இருக்கு"ன்னு என்கிட்ட வந்து கம்ப்ளைன்ட் பண்ணுவாங்க.