"நல்லா இருக்கு" என்பதற்குப் பிறகு என்ன சொல்வது?

கேள்வி: என் கொழுந்தனார் மகள் பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) முடைந்து விற்கிறாள். ரெடிமேட் டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, யார் உதவியும் இல்லாமல் தானே ஒரு இணையதளம் செய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டாள். எல்லாரும் "சூப்பர்" என்று அனுப்பினார்கள். நான் திறந்து பார்த்தேன். ஆத்தங்குடிப் பூக்கல் (பூ வேலைத் தரை ஓடு) படத்தின் மேல் தங்க நிறத்தில் எழுத்து. கண்ணை இடுக்கினாலும் படிக்க முடியவில்லை. இப்போது தனியாகக் கூப்பிட்டு, "பெரியம்மா, உள்ளதைச் சொல்லுங்க" என்கிறாள். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அவளே கேட்டுவிட்டாள், அதனால் தாராளமாகச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டவளுக்குத் தனியாகவே சொல்லுங்கள். குழுவில் ஒரு வார்த்தை வேண்டாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகைக்கு டிடிபி செய்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டுப் பலகாரத் தொழிலுக்கு நானே ஒரு தளம் செய்தேன். மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். பத்துப் பேரிடம் காட்டினேன். பத்துப் பேரும் நல்லா இருக்கு என்றார்கள். ஆர்டர் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. ஒரு விசேஷத்துக்காக மலேசியாவிலிருந்து வந்திருந்த ஆச்சி ஒருவர்தான் சொன்னார்: "அதிரசம் என்ன விலைன்னு பார்க்கத்தான் திறந்தேன். எங்க வீட்டுல தமிழே வரலை, இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமாக் கிடந்துச்சு." எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு எல்லா இடத்துக்கும் பரவாத காலம் அது. நான் தட்டச்சு செய்த எழுத்துரு பார்ப்பவர் கம்ப்யூட்டரிலும் இருந்தால்தான் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் கன்னாபின்னா என்று ரோமன் எழுத்துகள் வரும். பாராட்டிய பத்துப் பேரும் என் கம்ப்யூட்டரில் பார்த்தவர்கள்.

இரண்டு நாள் எனக்கு மனசே ஆறவில்லை. ஆனால் அந்த ஆச்சி என் தளத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். என்ன தேடி வந்தார், எங்கே நின்றுபோனார் என்பதை மட்டும்தான் சொன்னார். அதில் எதிர்த்துப் பேச எனக்கு ஒன்றுமே இல்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் அவளிடம் ஒன்று கேளுங்கள்: "இதை யார் பார்க்கணும்னு நினைக்கிறே?" சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் கல்யாணச் சீருக்குக் கொட்டான் கேட்பார்கள் என்று சொல்வாள் என்றே வைத்துக்கொள்வோம். சரி, நீங்கள் அந்தச் சிங்கப்பூர்க்காரராகி, உங்கள் போனில் 25 கொட்டான் வாங்கிப் பாருங்கள். அளவு போட்டிருக்கிறதா? எத்தனை நாளில் கிடைக்கும் என்று இருக்கிறதா? போன் நம்பர் எங்கே? ஒவ்வொரு தடங்கலையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "விலையைத் தேடி மூன்று தடவை மேலும் கீழும் தள்ளினேன், கிடைக்கலைம்மா" என்று சொன்னால் அவள் உடனே எழுந்து போய்ச் சரிசெய்வாள். "எனக்குப் பிடிக்கலை" என்றால் அழுவதைத் தவிர அவள் என்ன செய்ய முடியும்?

தங்க எழுத்து விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது ரசனை சம்பந்தப்பட்டது இல்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்று உலகளாவிய வலை நெறிமுறையே இருக்கிறது. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். இரண்டு நிறத்தையும் கொடுத்தால் கணக்குப் போட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. பூக்கல் படத்தில் இடத்துக்கு இடம் நிறம் மாறுவதால் ஒரு எழுத்து தெரிந்தால் அடுத்தது மறையும். அந்தப் பூக்கல்லை மேலே ஒரு பட்டையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுத்து வெறும் வெள்ளை மேல் கறுப்பாக இருக்கட்டும். வாதம் வந்தால், மத்தியானம் வளவு (முற்றம்) வெயிலில் நின்று அவளையே போனில் படிக்கச் சொல்லுங்கள்.

படங்கள் மெதுவாக வந்தால் காரணம் அநேகமாக அளவுதான். போனில் எடுத்தது அப்படியே ஏறியிருக்கும், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. சில நூறு கேபிக்குச் சுருக்கினாலும் ஓலைப் பின்னல் தெளிவாகவே தெரியும்.

பதினேழு குறை கண்டாலும் மூன்றைச் சொல்லுங்கள், வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பும் மூன்றை. லகர ளகரப் பிழையெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம். அப்புறம், நல்லதையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள். "கை ஓலை முடைகிற அந்தப் படத்தை எடுத்துடாதே, அதைப் பார்த்துத்தான் இது மெஷினில் செய்ததில்லைன்னு நம்பினேன்" என்று சொல்ல வேண்டும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லச் சொல்லவில்லை. குறையைத் திருத்த உட்காரும் பிள்ளை பதற்றத்தில் நல்லதையும் சேர்த்து அழித்துவிடும். எதைத் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு, எங்கள் பூர்வீக வீட்டின் கதையைச் சொல்ல ஒரு தளம் செய்தேன். மகனுடைய நண்பர் பார்த்துவிட்டு, நீளமான பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். "பழைய பஞ்சாங்கம் மாதிரி இருக்கு" என்று ஆரம்பிக்கிறது. தளத்தையே எடுத்துவிடலாமா என்று இருக்கிறது.
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: எடுக்காதீர்கள் அண்ணே. அந்தப் பட்டியலுக்கு இன்று பதிலும் எழுதாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும்.

காலையில் பென்சிலை எடுத்து, அவருக்கு நேர்ந்தது எது, அவர் நினைப்பது எது என்று பிரித்துக் குறியுங்கள். "மெனுவை அழுத்தினேன், திறக்கலை" என்பது நேர்ந்தது. அதை உடனே கவனியுங்கள். பஞ்சாங்கம் என்பது அவர் நினைப்பு. அந்த ஆரம்பம் கடுமையானது, அப்படி அவர் எழுதியிருக்க வேண்டாம். அதற்காகக் கீழே உள்ளதைத் தள்ளிவிடாதீர்கள், இத்தனை நேரம் உட்கார்ந்து உங்கள் பக்கத்தைப் படித்திருக்கிறார்.

அவர் சொல்லும் மாற்று வழியை அப்படியே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கவுனி அரிசி இனிப்பு சாப்பிட்டவர் "சீனி போதலை" என்பார். பார்த்தால் அரிசி சரியாக ஊறியிருக்காது, வேகாத அரிசியில் இனிப்பு இறங்கியிருக்காது. குறை இருக்கிறது என்பதில் அவர் நாக்கு பொய் சொல்லாது. ஆனால் அது எங்கே என்பது சமைத்தவருக்குத்தான் தெரியும். "முகப்பில் படத்தைப் பெரிசாக்குங்க" என்று அவர் எழுதியிருந்தால், இது எந்த வீடு, எந்த ஊர் என்பதே முதல் பார்வையில் புரியவில்லையோ என்னவோ. அதற்குப் பக்கத்தின் உச்சியில் ஒரு வரி எழுதினால் போதும்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் திருப்பிக் கேளுங்கள்: "எந்த போனில் பார்த்தீங்க தம்பி, என்ன தேடினீங்க?" நான் ஏன் அப்படிச் செய்தேன் தெரியுமா என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் அடுத்த முறை அவர் "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், உங்களுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: வெளியிடுவதற்கு முன் எத்தனை பேரிடம் காட்ட வேண்டும்?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஐந்து பேர். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே இதை எழுதினார்: ஐந்து பேர் பயன்படுத்திப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும், திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் காட்டலாம். அந்த ஐவரில் ஒருவர் உங்கள் அப்பத்தா வயதில் இருக்கட்டும், இன்னொருவரிடம் பழைய போன் இருக்கட்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "இதில் அரைக் கிலோ சீப்புச் சீடை வாங்குங்க" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து அவர்கள் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். தப்பான இடத்தில் அழுத்தினாலும் "அங்கே இல்லை, இங்கே" என்று சொல்லிவிடாதீர்கள்.